காகிதப் பைகளில் வந்த சணல்

கஞ்சாச் செடியின் இலையை முதன்முதலாக நான் கையில் எடுத்தது லண்டனில், முப்பத்தெட்டாவது வயதில், சம்பளத்துக்குச் செய்த வேலையில்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. கொலியர்ஸ் வூட் நிலையத்திலிருந்து பத்து நிமிட நடையில், டயர் கடைக்கும் கம்பளக் கிடங்குக்கும் நடுவே ஒரு சிறிய தனியார் ஆய்வுகூடம் இருந்தது. பண்ணைகளிலிருந்து வரும் மண், தண்ணீர், மாட்டுத்தீவனம் எல்லாவற்றையும் அங்கே சோதிப்போம். நான் உதவியாளராக இருந்தேன். யாழ்ப்பாணத்தில் ஒரு பெண்கள் பாடசாலையில் தாவரவியல் படிப்பித்தவளுக்கு அந்த வேலை ஒன்றும் கஷ்டமில்லை. ஆனால் படிப்பித்த காலத்தில் நாள் முழுக்கக் கதைத்துக்கொண்டிருந்த எனக்கு, இங்கே காலையில் ஒரு வணக்கமும் மாலையில் ஒரு வணக்கமும் சொன்னால் அன்றைய பேச்சு முடிந்துவிடும்.

ஓர் ஆகஸ்ட் காலையில் மேலாளர் ஐந்தாறு மண்ணிறக் காகிதப் பைகளைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். அறுபதை நெருங்கிய ஆங்கிலேயர் அவர், குரலை உயர்த்தவே மாட்டார். கொஞ்சம் கூச்சத்தோடு, இவை கஞ்சா இனத்துச் செடிகள், பயப்படவேண்டாம், அரசாங்க அனுமதி இருக்கிறது என்றார். நான் பையைத் திறந்து பார்த்தேன். ஐந்தும் ஏழுமாக விரல் விரித்த இலைகள், ஓரமெல்லாம் பல்லுப்பல்லாக.

ஆங்கிலத்தில் அதை ஹெம்ப் என்பார்கள். நாங்கள் சாக்குக்குப் பாவிக்கும் சணல் அல்ல. ஆனால் இதன் தண்டிலும் சணல் போலவே நார் எடுக்கலாம் என்பதால் நான் எனக்குள் சணல் என்றே சொல்லிக்கொள்வேன். கஞ்சாவும் அதுவும் ஒரே இனந்தான். போதை தரும் பொருள் கஞ்சாவில் நிறைய உண்டு. இதில் இல்லையென்று சொல்லிவிடக்கூடிய அளவுக்குக் குறைவு. பல வருடங்கள் தடைசெய்து வைத்திருந்த அந்தப் பயிரை, அனுமதிப் பத்திரம் உள்ள விவசாயிகள் நாருக்காக வளர்க்கலாமென்று அப்போதுதான் அரசாங்கம் விட்டிருந்தது. ஒரு நிபந்தனை இருந்தது. செடி பூக்கும் நேரத்தில் அரச பரிசோதகர் ஒருவர் வயலுக்குப் போய் நுனி இலைகளை வெட்டி எங்களுக்கு அனுப்புவார். போதைப்பொருள் சட்டத்தில் சொன்ன அளவைத் தாண்டினால் அந்த வயல் முழுவதையும் அழித்துவிட வேண்டும். எங்கள் முடிவு வரும்வரை ஒரு தண்டையும் அறுக்கக்கூடாது.

இலையைச் சூட்டுப் பெட்டியில் விரைவாகக் காயவைத்து, அரைத்து, நிறுத்து, திரவத்தில் ஊறவைத்து வடித்து, அதில் ஒரு துளியை இயந்திரத்தில் செலுத்துவேன். அது காகிதச் சுருளில் ஒரு கோடு வரையும். போதைப்பொருள் இருக்கும் இடத்தில் கோடு மேலெழும்பும். எவ்வளவு உயரம் எழும்புகிறதோ அவ்வளவு பொருள் இருக்கிறது. அந்த முதல் கோடைகாலத்தில் எந்தப் பையிலும் கோடு பெரிதாக எழும்பவில்லை.

அப்போது நான் மோர்டனில் ஒரு வீட்டின் மேலறையில் வாடகைக்கு இருந்தேன். என்னை லண்டனுக்குக் கூப்பிட்டது அண்ணை. எண்பத்தைந்தில் வந்து, அண்ணை, அண்ணி, இரண்டு பெண்பிள்ளைகள் என்று ஒரே வீட்டில் ஏழு வருடம் இருந்தேன். பிறகு அவர்கள் கனடாவுக்குப் போனார்கள். என்னையும் வரச்சொன்னார்கள். ஆய்வுகூட வேலை அப்போதுதான் கிடைத்திருந்தது. அதை விட்டுவிட்டுப் போய் மறுபடியும் அண்ணை வீட்டு அறையில் பிள்ளைகளோடு படுப்பதற்கு எனக்கு மனம் வரவில்லை. கலியாணம் செய்யாதவள் தனிய இருப்பது அண்ணிக்குப் பிடிக்கவில்லை. அண்ணை ஒன்றும் சொல்லவில்லை. ஹீத்ரோவில் சின்னப் பிள்ளை என் கைப்பையின் வாரைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்று நின்றாள்.

மோர்டன் வீட்டுக்காரி மலேசியத் தமிழர், ஆஸ்பத்திரியில் தாதி, எப்போதும் இரவு ஷிப்ட். அவர் வீட்டுக்கு வரும்போது நான் வேலைக்குப் புறப்படுவேன். வாசலில் ஒரு நிமிடம் சந்திப்போம். “ரசம் வச்சிருக்கேன்மா, சூடு பண்ணிக்கோ,” என்பார். “ஓம் அக்கா,” என்பேன். அவ்வளவுதான். நல்ல மனுஷி. ஆனால் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஒரே மேசையில் இருந்து சாப்பிட்டது அந்த வருடம் முழுக்க நாலைந்து தடவைகூட இருக்காது.

சனிக்கிழமைகளில் டூட்டிங்குக்குப் போவேன். கத்தரிக்காய் கால் கிலோ, கறிவேப்பிலை ஒரு கட்டு. கடைக்காரர் நிறுத்துப் போட்டுவிட்டு, “அக்கா தனியத்தானே, இது காணும்,” என்று தானே சொல்லிக்கொள்வார். அவர் அன்பாகத்தான் சொன்னார். அதற்குப் பிறகு தேவையில்லாமல் அரைக் கிலோ வாங்கத் தொடங்கினேன். மிஞ்சியது பழுதாகும்.

அந்த முதல் கோடையில்தான் விவசாயியின் தொலைபேசி வந்தது. வரவேற்பறைப் பெண் தேநீர் குடிக்கப் போயிருந்ததால் நான் எடுத்தேன். எசெக்ஸ் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து பேசுகிறேன் என்று தன் பையின் இலக்கத்தைச் சொல்லி, முடிவு வந்துவிட்டதா என்று கேட்டார். வயதான குரல், நிதானமானது. இரண்டு நாளில் கடிதம் வருமென்றேன். நன்றி சொன்னவர் தொலைபேசியை வைக்கவில்லை. லண்டனில் மழையா என்று கேட்டார். இல்லை என்றேன். தன் பக்கம் மழை பெய்கிறதென்றும், செடிகள் தன்னைவிட இரண்டு மடங்கு உயரம் நிற்கின்றன என்றும் சொன்னார்.

“மூன்று மாதத்துக்கு முன்னால் நான் கையால் தூவிவிட்ட விதை அளவுதான் இருந்தது,” என்றார். நம்பமுடியாத ஒன்றை யாரிடமாவது சொல்லவேண்டும் என்பது போல இருந்தது அவர் குரல்.

அதன்பிறகு அடிக்கடி தொலைபேசி எடுத்தார். இலையின் முடிவு போனபிறகு மண்ணை அனுப்பினார், அதைப்பற்றிக் கேட்க எடுத்தார். பெரும்பாலும் பின்னேரம் நாலு மணிக்கு வரும். வரவேற்பறைப் பெண் நேரே எனக்குக் கொடுத்துவிடுவாள். அவருடைய நிலத்தில் வருடக்கணக்காகக் கோதுமையும் பீட் கிழங்கும் மாறிமாறிப் போட்டு மண் இறுகிப்போயிருந்தது. களைகொல்லி இல்லாமல் எதுவும் முளைக்காது என்ற நிலை. சணலுக்கு ஒரு துளி களைகொல்லியும் தெளிக்கவில்லையாம். அது அவ்வளவு வேகமாக, அவ்வளவு அடர்த்தியாக எழும்பி நிலத்தை மூடியதில் களைக்கு வெயிலே கிடைக்கவில்லை. அதன் வேர் இறங்கிய இடத்தில் மண் பொலபொலவென்று ஆகிவிட்டதென்றார். அடுத்து அதே நிலத்தில் விதைத்த கோதுமை, பக்கத்து வயலைவிட நன்றாக வந்ததென்று வசந்தத்தில் எடுத்துச் சொன்னார்.

அந்த ஊரில் விவசாயக் கருவிகள் செய்த தொழிற்சாலை ஒன்று மூடிக்கிடந்தது. அதில் வேலைசெய்து வீட்டில் இருந்த ஆறேழு பேரைச் சேர்த்துக்கொண்டு, தன் பழைய தானியக் கொட்டகையில் தண்டிலிருந்து நாரைப் பிரிக்கும் இயந்திரம் ஒன்றைப் பூட்டியிருந்தார். கடன் வாங்கித்தான் செய்திருக்க வேண்டும், அதைப்பற்றி அவர் பேசியதில்லை. அந்த ஆட்களைப் பற்றித்தான் பேசுவார். ஒருவருக்கு எந்த இயந்திரத்தையும் சத்தத்தை வைத்தே என்ன பிழையென்று சொல்லத் தெரியும். தொழிற்சாலை அலுவலகத்தில் கணக்கெழுதிய பெண் ஒருத்தி இப்போது கட்டுக் கட்டுகிறாள், அவள் கட்டினால் அவிழாது. இப்படி எனக்கு முகம் தெரியாத ஓர் ஊர் நாலு மணிக்கு நாலு மணிக்கு என் காதுக்குள் வந்தது. தொலைபேசி வராத நாளில் நாலரை வரைக்கும் எனக்கு வேலை ஓடாது.

இரண்டாவது வருடம் ஆகஸ்ட். அவருடைய பை வந்தது. அன்று எனக்கு நாற்பதாவது வயது பிறக்கிறது.

அண்ணை ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் தொலைபேசி எடுப்பார். எங்கள் நேரம் பின்னேரம் ஐந்தரைக்கு, அங்கே மத்தியானச் சாப்பாட்டு இடைவேளையில். அன்றைக்கு நான் ஐந்துக்குள் வீட்டுக்குப் போய்விட வேண்டுமென்று காலையிலிருந்தே அவசரப்பட்டேன். மத்தியானம் இயந்திரம் கொஞ்சம் தடுமாறியது. அதைச் சரிபார்க்க, போதைப்பொருள் கூடுதலாகக் கலந்த அளவுத் திரவத்தை ஒருதரம் செலுத்தவேண்டும். அப்படிச் செலுத்தியபிறகு வெறும் திரவத்தை இரண்டு தரம் ஓடவிட்டுக் குழாயைக் கழுவவேண்டும். இல்லாவிட்டால் மிச்சம் அடுத்ததில் கலந்துவிடும். ஒவ்வொரு கழுவலுக்கும் இருபது நிமிடம். நான் கழுவவில்லை. பதிவுப் புத்தகத்தில் கழுவியதாக இரண்டு சரி அடையாளம் போட்டேன். அடுத்த பையின் துளியைச் செலுத்தினேன்.

கோடு மேலே போனது. பார்த்தேன். உயரத்தை அளந்து எழுதினேன். அது யாருடைய பையென்று இலக்கத்தில் தெரியும். மனது ஒருதரம் திடுக்கிட்டது, பிறகு நேரத்தைப் பார்த்தது. முடிவை மேலாளரின் தட்டில் வைத்துவிட்டு நாலரை ரயிலைப் பிடித்தேன்.

ஐந்தரைக்குத் தொலைபேசி வரவில்லை. ஆறரைக்கும் வரவில்லை. மாடிப்படியின் கீழ்ப்படியில், தொலைபேசிக்குப் பக்கத்தில் இருந்துகொண்டே தேநீர் குடித்தேன். இரவு பதினொரு மணிக்கு, அண்ணை வேலையால் வீட்டுக்கு வந்திருக்கும் நேரத்தில், நானே எடுத்தேன். பின்னால் பிள்ளைகளின் சத்தம் கேட்டது.

“என்ன தங்கச்சி, ஏதும் அவசரமே?” என்று அண்ணை கேட்டார்.

“ஒண்டுமில்லை அண்ணை. சும்மா எடுத்தனான்.”

“இங்க வேலை கூடிப்போச்சு. ஞாயிற்றுக்கிழமை ஆறுதலா எடுக்கிறன், சரியே?”

“ஓம்,” என்றேன். இன்றைக்கு என்ன நாளென்று நான் சொல்லவில்லை.

முடிவு அரசாங்கத்துக்குப் போய், அங்கிருந்து உத்தரவு விவசாயிக்குப் போனது. பத்தாம் நாள் நாலு மணிக்கு அவர் எடுத்தார். வழக்கமான மழைக்கதை இல்லை. வருகிற வெள்ளிக்கிழமை வயலை உழுது அழிக்க வேண்டுமாம், பார்ப்பதற்குப் பரிசோதகர் வருவாராம். கொட்டகையில் இன்னும் யாருக்கும் சொல்லவில்லையாம்.

“நான் சண்டை போட எடுக்கவில்லை,” என்றார். “ஒன்றே ஒன்றுதான். அந்தப் பரிசோதனையைச் செய்தது நீங்கள்தானா?”

“நான்தான்.”

“அப்படியானால் சரி,” என்றார். “நீங்கள் செய்திருந்தால் பிழை இருக்காது.” வைத்துவிட்டார்.

அந்தச் சொல்லை என்னால் தாங்க முடியவில்லை. அவர் திட்டியிருந்தால் நான் ஒருவேளை சும்மா இருந்திருப்பேன். அலமாரியிலிருந்து அன்றைய காகிதச் சுருளை எடுத்து விரித்தேன். ஒவ்வொரு ஓட்டத்தின் நேரத்தையும் இயந்திரமே அடித்து வைத்திருக்கும். அளவுத் திரவத்துக்கும் அவருடைய பைக்கும் நடுவில் இரண்டு வெற்றுக் கோடுகள் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லை. பக்கத்தில் பதிவுப் புத்தகத்தில் என் கையெழுத்தில் இரண்டு சரி அடையாளங்கள் இருந்தன. இவை இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்கக்கூடிய ஆள் அந்தக் கட்டடத்தில் நான் ஒருத்திதான். சுருளைச் சுற்றி மறுபடி அலமாரியில் வைத்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. கொஞ்ச நேரம் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன் என்பதையும் எழுதிவிடத்தான் வேண்டும்.

பிறகு மேலாளரின் அறைக்குப் போய் இரண்டையும் அவர் முன்னால் விரித்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு வெகுநேரம் பார்த்தார். அரசாங்கத்திடம் இதைச் சொன்னால் நாங்கள் கொடுத்த மற்ற எல்லா முடிவுகளையும் சந்தேகிப்பார்கள், ஒப்பந்தமே போய்விடலாம் என்றார். அது எனக்கும் தெரியும். பையில் மிச்சமிருந்த இலையைக் கழுவிய குழாயில் மறுபடி செலுத்திப் பார்க்க அனுமதி கேட்டேன். தலையசைத்தார். பக்கத்திலேயே நின்று பார்த்தார். கோடு அசையவே இல்லை, ஒரு சின்ன மேடு, அவ்வளவுதான்.

“ஏன் கழுவவில்லை?” என்று கேட்டார்.

“அவசரமாக வீட்டுக்குப் போகவேண்டியிருந்தது.”

அவர் கண்ணாடியை மறுபடி போட்டுக்கொண்டார். அங்கேயே என் முன்னால் அதிகாரிக்குத் தொலைபேசி எடுத்து, பிழை எங்களுடையது என்று சொன்னார். அந்த ஒரு வசனத்துக்காக அவரை நான் இன்றைக்கும் மதிக்கிறேன். பழைய இலையின் முடிவை அதிகாரி ஏற்கவில்லை. வெள்ளிக்கு முன்னால் வயலிலிருந்து புதிய இலை எடுக்கவேண்டும், ஆய்வுகூடத்திலிருந்து ஒருவர் கூடப்போய் முத்திரை வைத்துக் கொண்டுவர வேண்டும் என்றார். மேலாளர் என்னைப் பார்த்தார். நான் போகிறேன் என்றேன்.

வியாழக்கிழமை லிவர்பூல் ஸ்ட்ரீட்டிலிருந்து ரயில். சின்ன நிலையத்தில் இறங்கியபோது நான் ஒருத்திதான் இறங்கினேன். வெளியே ஒரு பழைய வண்டியில் அவர் சாய்ந்துகொண்டு நின்றார். குரலை வைத்துப் பெரிய உருவம், சிவந்த முகம் என்று நினைத்திருந்தேன். மெலிந்த, உயரமான, கண்ணாடியை நூலில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்ட மனிதர். அவரும் என்னை வேறுமாதிரி நினைத்திருப்பார். தொப்பியைக் கழற்றிக் கை கொடுத்தார்.

வயல் சாலையிலிருந்து தெரியவில்லை. மறைவாகத்தான் விதைக்க வேண்டுமென்பது சட்டம். கோதுமை அறுத்த தாளைக் கடந்து ஒரு வேலியைத் திரும்பியதும் முன்னால் ஒரு பச்சைச் சுவர் நின்றது. இரண்டு வருடமாகப் பையில் கசங்கி வந்த இலையைத்தான் எனக்குத் தெரியும். அது இப்படி நிற்குமென்று தெரியாது. அங்கே காத்திருந்த பரிசோதகர் தன் கத்திரியோடு ஒரு பக்கமாக உள்ளே போனார். சட்டப்படி நான் அவரைப் பார்த்துக்கொண்டு பின்னால் போனேன். உள்ளே போனதும் பகல் பாதியானது. தலைக்கு மேலே காற்று அடிக்கிற சத்தம், கீழே அசைவில்லை. பச்சையும் பிசினும் கலந்த கனத்த வாசனை. காலடியில் ஒரு புல்லுக்கூட இல்லை, மண் பாதத்தை வாங்கி உள்ளே எடுத்தது. ஒரு சின்னப் பறவை தண்டுகளுக்கு நடுவில் நடந்து போனது. பறக்கவில்லை, நடந்துதான் போனது.

இவ்வளவையும் ஒரு தவறிய கழுவலால் நாளைக்கு உழுதுவிட இருந்தோம்.

பரிசோதகர் பைகளை வண்டிக்குக் கொண்டுபோனதும் நானும் விவசாயியும் வயலோரம் தனியே நின்றோம். மேலாளர் அவரிடம் ‘ஆய்வுகூடத்தில் ஏற்பட்ட பிழை’ என்று மட்டும் சொல்லியிருந்தார். நான் சொன்னேன். குழாயைக் கழுவாததை, கழுவியதாக எழுதியதை, ஏன் அவசரப்பட்டேன் என்பதை எல்லாம். பிறந்தநாள் என்று சொல்லும்போது நாற்பது வயதுப் பெண்ணுக்கு அது எவ்வளவு சின்னக் காரணம் என்று எனக்கே கேட்டது.

அவர் ஒரு செடியின் இலையை நீவிவிட்டுக்கொண்டு நின்றார்.

“அவர் எடுத்தாரா, அண்ணன்?”

“இல்லை.”

அவர் இலையை விட்டுவிட்டுச் சொன்னார்: “முடிவு எந்தத் தேதியில் வருமென்பது எனக்கு எப்போதும் தெரியும். கடிதத்திலேயே போட்டிருக்கும். நான் உங்களுக்கு எடுத்தது அதற்காக இல்லை. மனைவி போனபிறகு நாலு மணிக்கு வீட்டுக்குள் இருக்க முடியவில்லை.”

அவர் நீவிய இலையை நானும் ஒருதரம் தொட்டேன்.

கொட்டகைக்குக் கூட்டிப்போனார். அங்கே எல்லோருக்கும் அதற்குள் விஷயம் தெரிந்துவிட்டது. இயந்திரத்தை நிறுத்திவிட்டு நின்றார்கள். கட்டுக் கட்டும் பெண்ணை நான் உடனே அடையாளம் கண்டேன், பெரிய கைகள். என்னை மேலிருந்து கீழே பார்த்துவிட்டு, லண்டனிலிருந்து வந்தவள் நீதானா என்று கேட்டாள். ஓம் என்றேன். தேநீர் ஊற்றித் தந்தாள், சிரிக்கவில்லை. ஒருவர் அதை மறுபடி ஓடவிட்டு எனக்கு வேலையைக் காட்டினார். போன வருடத்து உலர்ந்த தண்டு ஒரு பக்கத்தால் போய் நசுங்கி, நார் ஒரு பக்கமும் உள்ளே இருக்கும் வெள்ளைச் சக்கை மறுபக்கமும் விழுகிறது. நார் காகித ஆலைக்குப் போகும். சக்கையைக் குதிரை லாயங்களில் வைக்கோலுக்குப் பதிலாகப் பரப்புவார்கள், தூசி இல்லாததால் குதிரைக்கு இருமல் வராது. பிறகு அது எருவாகி நிலத்துக்கே திரும்பும். அவர் சக்கையில் ஒரு பிடி அள்ளி என் கையில் வைத்தார். எடையே இல்லை.

அன்று பின்னேரமே ஆய்வுகூடத்துக்கு வந்து, மேலாளர் பக்கத்தில் நிற்க, எல்லாக் கழுவலையும் செய்து, இலையைச் செலுத்தினேன். முடிவு அளவுக்கு வெகு கீழே இருந்தது. வெள்ளி காலையில் உத்தரவை ரத்துசெய்தார்கள். ஆனால் அந்தப் பத்து நாள் தாமதத்துக்குள் மழை பிடித்துவிட்டது. பிந்தி அறுத்து வயலில் காய விழுத்திய தண்டில் ஒரு பகுதி கறுத்துப் போனதென்று பிறகு கேள்விப்பட்டேன். அதற்கு நான்தான் காரணம். யாரும் என்னிடம் அதைச் சொல்லவில்லை.

மேலாளர் எனக்கு எழுத்தில் ஓர் எச்சரிக்கை தந்தார். என்னை இலைப் பரிசோதனையிலிருந்து எடுத்துத் தண்ணீர்ப் பகுதிக்கு மாற்றினார். அது நியாயம். ஒப்பந்தம் போகவில்லை. தண்ணீர்ப் பகுதி கட்டடத்தின் பின்பக்கம், அங்கே தொலைபேசி இல்லை. ஒருமுறை விவசாயி எடுத்தாராம், நான் அந்தப் பகுதியில் இல்லையென்று வரவேற்பறைப் பெண் சொல்லிவிட்டாளாம். நான் திருப்பி எடுத்திருக்கலாம். இலக்கம் என்னிடம் இருந்தது. எடுத்து என்ன சொல்வதென்று தெரியவில்லை. இனிமேல் எங்களுக்குள் சாட்டுச் சொல்ல ஒரு பையும் இல்லை.

ஆனால் குளிர்காலத்தில் அவருடைய தண்ணீர் வந்தது. அவர் வயலோரத்து ஓடையிலிருந்து எடுத்த போத்தல்கள், பண்ணையின் இலக்கத்தோடு. களைகொல்லி மிச்சம் எவ்வளவு என்று பார்க்கவேண்டும். பழைய பதிவுகளைத் தேடி எடுத்தேன். கோதுமைக் காலத்து முடிவுகளில் இருந்ததைவிட இது எவ்வளவோ குறைந்திருந்தது. முடிவில் கையொப்பம் போட்டு அனுப்பினேன். கடிதத்தில் என் பெயரை அவர் பார்த்திருப்பார்.

அடுத்த வருடம் செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை, டூட்டிங் பக்கம் போகாமல் லிவர்பூல் ஸ்ட்ரீட்டுக்குப் போய் அந்த ரயிலில் ஏறினேன். சொல்லாமல்தான் போனேன். நிலையத்திலிருந்து நடந்தே போனேன், ஒரு மணித்தியாலம். போன வருடம் சணல் நின்ற வயலில் இப்போது கோதுமைத் தாள். அதற்கு அப்பாலுள்ள நிலத்தில் சணலை வெட்டி வரிவரியாக விழுத்தியிருந்தார்கள். கொட்டகைக்கு முன்னால் இரண்டு லொறிகள். எனக்குத் தெரியாத புது முகங்கள். பக்கத்துப் பண்ணைக்காரர் இரண்டு பேரும் இந்த வருடம் சணல் விதைத்து இங்கே கொண்டுவருகிறார்கள் என்று பிறகு சொன்னார்கள்.

நான் போய்ச் சேர்ந்தபோது நாலு மணி ஆகிறது. இயந்திரத்தை நிறுத்திவிட்டு எல்லோரும் ஒரு நீளப் பலகையைச் சுற்றித் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் அவர் இருந்தார். யாரோ ஏதோ சொல்ல, தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தார். தொலைபேசியில் ஒருநாளும் அந்தச் சிரிப்பை நான் கேட்டதில்லை.

என்னைக் கண்டதும் எழும்பி வந்தார். உண்மையாகவே சந்தோஷப்பட்டார். கையைப் பிடித்துக் கூட்டிப்போய், புதிய ஆட்களிடம், “நம் பயிரைக் காப்பாற்றிய பெண் இவர்தான்,” என்றார்.

“நான் காப்பாற்றவில்லை,” என்றேன். “நான்தான் அழிக்கப் பார்த்தேன்.”

அவர்கள் பகிடியென்று நினைத்துச் சிரித்தார்கள். கட்டுக் கட்டும் பெண் மட்டும் என்னைப் பார்த்துத் தலையாட்டினாள். தன் பக்கத்தில் இடம் ஒதுக்கினாள். தேநீரும் கேக்கும் தந்தார்கள். இயந்திரத்தின் கதை, லொறிக்காரனின் கதை, யாரோ ஒருவரின் மகளின் கலியாணம் எல்லாம் ஓடியது. எனக்குப் புரிந்தது பாதி. விவசாயி இடைக்கிடை என் பக்கம் திரும்பி ஒரு சொல் விளக்குவார், அதற்குள் மறுபக்கத்திலிருந்து ஒருவர் கூப்பிடுவார். கால் மணித்தியாலத்தில் இயந்திரம் மறுபடி ஓடத் தொடங்கியது. அவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு எழும்பினார். நான் வேலையில்லாத மனுஷி போல அங்கே நிற்காமல் புறப்பட்டேன். கட்டுக் கட்டும் பெண்தான் தன் காரில் நிலையத்துக்குக் கொண்டுவந்து விட்டாள். வழியில் அவள் சொன்னது ஒன்றுதான்: “அவர் இப்போது வீட்டுக்குப் போவதே படுக்கத்தான்.”

எனக்கு அது சந்தோஷமாக இருந்தது. பொய் சொல்லவில்லை. அந்தக் கொட்டகை அந்த ஊருக்கு வேலை கொடுத்தது, அவருக்கு ஆட்களைக் கொடுத்தது. அதில் ஒரு சின்னத் துண்டு எனக்கும் கிடைக்குமென்று ஏன் நினைத்தேன் என்றுதான் ரயில் மேடையில் நின்று யோசித்தேன்.

ரயிலில் எனக்கு முன்னால் என் வயதுப் பெண் ஒருத்தி கடைப்பைகளோடு வந்து இருந்தாள். நான் போட்டிருந்த கோட்டிலிருந்து வெட்டிய சணலின் வாசனை வந்துகொண்டிருந்தது. அவள் மூக்கை ஒருதரம் சுளித்து, என் முகத்தைப் பார்த்து, பைகளை எடுத்துக்கொண்டு நாலு இருக்கை தள்ளிப் போய் இருந்தாள். இது நீங்கள் நினைப்பது இல்லை, நான் இதை அளந்து பார்த்தவள் என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. லிவர்பூல் ஸ்ட்ரீட் வரைக்கும் அந்தப் பக்கத்தில் வேறு யாரும் வந்து இருக்கவில்லை.

அதற்குப் பிறகு நான் அங்கே போகவில்லை. ஓடைத் தண்ணீர் மட்டும் ஒவ்வொரு குளிர்காலமும் வந்தது. வருடத்துக்கு வருடம் சுத்தமாகிக்கொண்டு வந்தது. அந்தப் பதிவுகளை வைத்து, சுற்றியுள்ள பண்ணைகள் சிலவும் தங்கள் ஓடைகளை அனுப்பத் தொடங்கின. தொண்ணூறுகளின் கடைசியில் ஆய்வுகூடத்தைப் பெரிய நிறுவனம் ஒன்று வாங்கி ஊரைவிட்டு வெளியே கொண்டுபோனது. நான் கூடப் போகவில்லை. டூட்டிங்கில் ஒரு பெண்கள் பாடசாலையின் விஞ்ஞான கூடத்தில் உதவியாளராகச் சேர்ந்தேன். நாளெல்லாம் பிள்ளைகள். ஆங்கிலத்தில் கத்திக் கதைத்துவிட்டு என்னை மட்டும் ஆன்ட்டி என்று கூப்பிடும் எங்கள் பிள்ளைகளும் நிறைய இருந்தார்கள். கிழமை நாட்களில் எனக்குக் குரல் அடைத்துப்போகும் அளவுக்குப் பேச்சு இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகள் பழையபடியேதான் இருந்தன.